பூச்சி வரும் வழியை அடைப்பது யார்?

(சென்னையில் வீட்டு உரிமையாளர்களும் வாடகைக்குக் குடியிருப்போரும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்னையில் கையெழுத்தாகும் வாடகை ஒப்பந்தம் ஒன்றை எடுத்துப் படித்துப் பாருங்கள். வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, மின்கட்டணம் யார் கட்டுவது, சுவரில் ஆணி அடிக்கலாமா, காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடித்துக்கொள்வது, எல்லாம் எழுதியிருக்கும். கரப்பான், மூட்டைப்பூச்சி, கரையான், எலி என்ற சொற்களைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் மனக்கசப்பு எங்கே தொடங்கியது என்று விசாரித்தாலோ, பல வீடுகளில் இந்த நான்கில் ஒன்றில்தான் தொடங்கியிருக்கும்.

"நீங்க வர்றதுக்கு முன்னாடி இந்த வீட்ல ஒரு பூச்சி கிடையாதுங்க" என்பார் உரிமையாளர். "சாமான் இறக்கின அன்னைக்கே சிங்க்குக்கு அடியில ஓடுச்சுங்க சார்" என்பார் குடிவந்தவர். இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். பூட்டிக்கிடந்த வீட்டைப் பகலில் வந்து பார்த்தவர் கண்ணில் ஒன்றும் படவில்லை. இரவில் அடுப்படி விளக்கைப் போட்டவர் கண்ணில் பட்டது.

யார் கொண்டுவந்தது என்று கேட்டுக்கொண்டிருக்கும்வரை இந்தச் சண்டை தீராது. பூச்சி வரும் வழி எங்கே இருக்கிறது, அதை அடைக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால், அடுக்குமாடிக் குடியிருப்பில் செலவின் பெரும்பகுதி உரிமையாளர் பக்கம்தான் போகும். உரிமையாளர்கள் பலர் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். என் காரணங்களைக் கேட்டுவிட்டு முடிவுசெய்யுங்கள்.

கரையானில் வாதத்துக்கே இடமில்லை. நம் ஊரில் வீட்டை அரிக்கும் கரையான் பெரும்பாலும் மண்ணுக்குள் கூடு வைத்து வாழ்வது. அடித்தளத்து விரிசல், குழாய் நுழையும் துளை, தரையும் சுவரும் சேரும் இடுக்கு, இவற்றின் வழியே மண்குழாய் கட்டிக்கொண்டு மேலேறி நிலைப்படிக்கும் அலமாரிக்கும் வந்து சேர்கிறது. ஒரு கூடு முழு வளர்ச்சி அடையவே ஆண்டுக்கணக்கில் ஆகும். ஆறு மாதத்துக்கு முன் குடிவந்தவர் வீட்டில் நிலைப்படி செல்லரித்து உதிர்ந்தால், அந்த வேலை அவர் வருவதற்கு வெகுமுன்பே தொடங்கிவிட்டது என்று பொருள். இதற்குத் தடுப்பு, கட்டடம் எழும்போதே செய்ய வேண்டியது. ஐஎஸ் 6313 என்று இந்தியத் தரநிர்ணயத்தில் இதற்கென்றே விதிகள் இருக்கின்றன. கட்டுமான முறை ஒரு பகுதி, கட்டும்போது மண்ணுக்கு மருந்து இடுவது ஒரு பகுதி, ஏற்கெனவே கட்டிய வீட்டுக்குச் செய்வது ஒரு பகுதி. கட்டிய வீடானால், சுவரோரமாகத் தரையில் சுமார் 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் துளைகள் போட்டு, மருந்தை இறக்கி, மூட வேண்டும். சுவரில் ஆணி அடிக்கவே அனுமதி கேட்க வேண்டியவர், வீட்டைச் சுற்றித் தரையில் துளைபோட முடியுமா? முடியாத வேலைக்கு அவரிடம் பணம் கேட்பது நியாயமே இல்லை. மண்குழாயைக் கண்ட அன்றே படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புவதோடு அவர் கடமை முடிகிறது. அந்தக் கடமையை மட்டும் தட்டக்கூடாது. "நம்ம வீடா என்ன" என்று ஓராண்டு பேசாமல் இருந்துவிட்டு, கதவு விழுந்தபிறகு சொல்வது அநியாயம்.

கரப்பானில்தான் பேச நிறைய இருக்கிறது. நாம் பார்ப்பவை முக்கியமாக இரண்டு வகை. பெரிதாக, செம்பழுப்பு நிறத்தில், கழிவறை வழியாக ஏறிவருவது அமெரிக்கக் கரப்பான். அது சாக்கடையிலும் சேம்பரிலும் வாழும். வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் குளியலறைத் தரையில் கழிவுநீர் இறங்கும் நஹானி ட்ராப்பில் தண்ணீர் வற்றியதாலோ, சேம்பர் மூடி உடைந்ததாலோதான். மற்றது சிறியது. வெளிர்பழுப்பு நிறம், தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடுகள். அது ஜெர்மன் கரப்பான். அடுப்படியை விட்டு அதிக தூரம் போகாது. ஃபிரிட்ஜ் மோட்டாரின் வெதுவெதுப்பு, மிக்ஸியின் அடிப்பாகம், மாடுலர் கிச்சனின் கீல், சிங்க்குக்கு அடியில் குழாய் சுவருக்குள் போகும் ஓட்டை, இவைதான் அதன் ஊர். ஒரு முட்டைப்பையில் 30 முதல் 40 முட்டைகள் இருக்கும். பொரியும் தறுவாய் வரை தாய் அந்தப் பையைச் சுமந்தே திரியும். நம் வெப்பத்தில் முட்டை முழுக் கரப்பானாக ஏறத்தாழ இரண்டு மாதம் போதும்.

இந்த இரண்டு மாதக் கணக்கு ஒரு நல்ல சாட்சி. குடிவந்து பத்து நாள்கூட ஆகாத வீட்டில் பெரியதும் சிறியதும் பொடியுமாக எல்லா வயதுக் கரப்பான்களும் கீல் இடுக்கில் குடியிருந்தால், அது பழைய குடித்தனம். புதிதாக வந்தவரின் அட்டைப்பெட்டியோடு ஒன்றிரண்டு வரலாம். ஒரு தலைமுறையே வராது.

இந்தக் கரப்பான் வீட்டுக்கு வீடு போவது டக்ட் வழியாக. நம் அடுக்குமாடிகளில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் சமையலறைகளின் கழிவுநீர்க் குழாய்கள் ஒரே டக்டில் இறங்குகின்றன. மூன்றாம் மாடியில் ஸ்பிரே அடித்தால் தப்பியவை இரண்டாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் விலகிப்போகும். அங்கே அடித்தால் திரும்பி வரும். ஒவ்வொருவரும் தனித்தனியாகச் செலவழித்துக்கொண்டே இருப்பார்கள், கரப்பான் குறையாது. ஒரே டக்டைச் சுற்றியுள்ள எல்லா வீடுகளுக்கும் ஒரே வாரத்தில் ஜெல் வைத்து, குழாய் நுழையும் ஓட்டைகளைச் சிமென்ட் வைத்து அடைத்து, சேம்பரைச் சரிசெய்தால் குறையும். இதை ஏற்பாடு செய்யக்கூடியது குடியிருப்புச் சங்கம். தமிழ்நாடு அடுக்குமாடி உரிமைச் சட்டம் 2022-இன்படி பொதுப் பகுதிகளைப் பராமரிப்பது சங்கத்தின் பொறுப்பு. அந்தச் சங்கத்தில் வீட்டின் உரிமையாளர்தான் உறுப்பினர். வாடகைக்கு இருப்பவர் மாதாமாதம் மெயின்டனன்ஸ் கட்டினாலும் அவருக்கு ஓட்டு இல்லை. ஆகவே, பெங்களூரிலோ துபாயிலோ இருக்கும் உரிமையாளர் "லோக்கல்ல நீங்களே பார்த்துக்குங்க" என்று சொல்லும்போது, குடியிருப்பவரால் செய்ய முடியாத ஒன்றைத்தான் செய்யச் சொல்கிறார்.

குடியிருப்பவர் பங்கு இல்லையா? உண்டு, தினமும் உண்டு. இரவில் எச்சில் பாத்திரத்தைப் போட்டுவைப்பது, குப்பையை மூடாமல் விடுவது, ஆன்லைனில் வாங்கிய பொருளின் அட்டைப்பெட்டிகளை லாஃப்டில் அடுக்கிவைப்பது, இவையெல்லாம் கரப்பானுக்கு விருந்தும் விடுதியும். மருந்துக்காரர் வருகிறார் என்றால் அலமாரியைக் காலிசெய்து தருவது அவர் வேலை; வேலைக்குப் போகிறேன், சாவி இல்லை என்று மூன்று முறை திருப்பி அனுப்பக்கூடாது. ஒரு வீடு கதவைத் திறக்காவிட்டால் அந்த வரிசை முழுவதற்கும் செய்த செலவு வீண்.

எலியைப் பற்றி நீட்டத் தேவையில்லை. சுண்டெலி நுழைய 6 மில்லிமீட்டர் இடுக்கு போதும். எலிக்கு அதைப்போல இருமடங்கு. இந்த இடுக்குகளை வலையோ சிமென்டோ வைத்து அடைப்பது கட்டட வேலை. கொசுவில் பங்கு தெளிவாகவே பிரிந்திருக்கிறது: மேல்தொட்டியும் சம்ப்பும் சங்கத்துடையவை, ஃபிரிட்ஜின் பின்தட்டும் பூந்தொட்டியின் அடித்தட்டும் குடியிருப்பவருடையவை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாள். வாரம் ஒருமுறை கொட்டிக் கழுவ வேண்டும் என்று சொல்வது அதனால்தான்.

மூட்டைப்பூச்சிக்கு வருகிறேன். இங்கேதான் வெட்கம் வந்து குறுக்கே நிற்கிறது. மூட்டைப்பூச்சிக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தமில்லை. அதற்கு வேண்டியது நம் இரத்தம் மட்டும். ரயில் பெர்த்திலிருந்து பெட்டியில் ஏறும். பழைய சாமான் கடையில் வாங்கிய கட்டிலில் வரும். விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்த மகனின் பையில் வரும். இதில் குடியிருப்பவரே கொண்டுவந்திருக்க வாய்ப்பு மற்ற பூச்சிகளைவிட அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கூடவே ஒன்றையும் சொல்ல வேண்டும்: அது உணவில்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். இரண்டு மாதம் பூட்டிக்கிடந்த வீடு என்பதால் அங்கே மூட்டைப்பூச்சி இல்லை என்று சொல்லிவிட முடியாது. பரணின் பலகை இடுக்கிலும் சுவிட்ச்போர்டுக்குப் பின்னாலும் காத்திருக்கும்.

இப்போது குடியிருப்பவரின் நிலையில் இருந்து யோசியுங்கள். குழந்தையின் கையில் வரிசையாகத் தடிப்பு. மெத்தையின் தையலோரம் கரும்புள்ளிகள். சொன்னால் வீட்டுக்காரர் அட்வான்ஸில் பிடிப்பார், காலி செய்யச் சொன்னாலும் சொல்வார், அக்கம்பக்கத்தில் பேச்சாகும். அவர் என்ன செய்வார்? மறைப்பார். கடையில் கிடைத்த ஸ்பிரேயை வாங்கி அடிப்பார். மூட்டைப்பூச்சிகள் பல, அந்த ஸ்பிரேக்களில் இருக்கும் பைரித்ராய்டு மருந்துகளுக்கு எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்டவை. சாகாதவை சுவர் தாண்டும். ஒரு அறையில் முடிந்திருக்க வேண்டிய வேலை நான்கு வீடாகும். "கொண்டுவந்தவர் கட்டட்டும்" என்ற விதி கேட்க நியாயமாக இருக்கும். நடைமுறையில் அது மறைக்கச் சொல்லும் விதி. கண்டவுடன் சொன்னால் செலவு உரிமையாளருடையது, மறைத்து அடுத்த வீட்டுக்குப் பரவவிட்டால் குடியிருப்பவருடையது என்று மாற்றிப்பாருங்கள். உரிமையாளரின் மொத்தச் செலவு குறையும் என்றே நான் நம்புகிறேன்.

சட்டத்துக்கு வருகிறேன். இந்தச் சண்டைக்கு மிகப் பழைய வரலாறு இருக்கிறது. 1842 செப்டம்பரில் இங்கிலாந்தின் பிரைட்டன் கடற்கரையூரில் சர் தாமஸ் மாரபிள் என்பவர், கட்டில் மெத்தை சாமான்களோடு கூடிய வீடு ஒன்றைச் சில வாரங்களுக்கு எடுத்தார். வாடகை வாரத்துக்கு 8 கினி. குடும்பம் குடிபோனது. ஒரு படுக்கையறை நீங்கலாக, படுத்த அறை எல்லாவற்றிலும் மூட்டைப்பூச்சி. அவருடைய மனைவி வீட்டுக்காரர் ஸ்மித் வீட்டுக்குச் சீட்டு எழுதி அனுப்பினார், வேறு வீடு கிடைத்ததும் போய்விடுவோம் என்று. ஒரு வார வாடகையைக் கொடுத்து, சாவியை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். மீதி வாரங்களின் வாடகைக்கு ஸ்மித் வழக்குப் போட்டார். 1843இல் தீர்ப்பு குடியிருந்தவர் பக்கம் வந்தது. சாமான்களோடு வாடகைக்கு விடும் வீடு மனிதர் வாழத் தக்கதாக இருக்கும் என்பது, எழுதாவிட்டாலும் ஒப்பந்தத்தில் அடங்கியது என்றார் நீதிபதி பார்க்.

அதே ஆண்டின் இறுதிக்குள் அதே நீதிபதி பின்வாங்கினார். ஹார்ட் எதிர் வின்ட்சர் என்ற வழக்கு. அதுவும் மூட்டைப்பூச்சிதான். ஆனால் வீடு வெறும் வீடு, சாமான் இல்லாதது. அப்படியானால் உரிமையாளருக்கு அந்தப் பொறுப்பு இல்லை என்று தீர்ப்பானது. குறைந்த வாடகை வீடுகளுக்கு இடையில் தனிச் சட்டங்கள் வந்தாலும், வீடு வாழத் தக்கதாக இருக்க வேண்டும் என்ற பொதுவான கடமையை இங்கிலாந்து 2018இல்தான் சட்டமாக்கியது. அது 2019 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் 1970இல் வாஷிங்டன் நீதிமன்றத்தில் நீதிபதி ஸ்கெல்லி ரைட், நகரத்து அடுக்குமாடியில் குடியிருப்பவர் நிலத்தை வாங்கவில்லை, வாழ இடத்தை வாங்குகிறார் என்ற அடிப்படையில் இதே கடமையை நிறுவினார்.

நம்முடைய சொத்து மாற்றச் சட்டம் 1882ஆம் ஆண்டினது. அதன் 108ஆம் பிரிவை இருதரப்பும் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். உரிமையாளருக்குத் தெரிந்த, குடிவருபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத, முக்கியமான குறை இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும் என்கிறது அது. போன குடித்தனக்காரர் மூட்டைப்பூச்சியால் காலி செய்தார் என்பது இப்படிப்பட்ட குறை என்பதே என் வாதம். உரிமையாளர் செய்ய வேண்டிய பழுதுபார்ப்பை அறிவித்த பின்னும் நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால், குடியிருப்பவர் தாமே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்கிறது. மறுபக்கம், குடியிருப்பவரின் செயலாலோ தவறாலோ வந்த குறையை, உரிமையாளர் அறிவித்த மூன்று மாதத்துக்குள் அவரே சரிசெய்ய வேண்டும் என்றும் சொல்கிறது.

1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த, நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017 நடைமுறைக்கு வந்தது 2019 பிப்ரவரியில். அதில் பராமரிப்பைப் பங்கிட்டுத் தரும் அட்டவணை ஒன்று உண்டு. கட்டடத்தின் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, மின் வயரிங் உரிமையாளருக்கு. வடிகால் சுத்தம், குழாய் வாஷர், சுவிட்ச், சன்னல் கொசுவலை போன்றவை குடியிருப்பவருக்கு. பூச்சி என்ற சொல் அந்த அட்டவணையில் இல்லை. அந்த இடைவெளியை நிரப்ப நான் சொல்லும் அளவுகோலே உதவும்: பூச்சியின் வழி குழாயிலும் சுவரிலும் தரையிலும் இருந்தால் முதல் பங்கு, வடிகால் அடைப்பிலும் கிழிந்த கொசுவலையிலும் இருந்தால் இரண்டாவது பங்கு. எழுதிக் கேட்டும் தீராவிட்டால் வாடகை அதிகார அமைப்பிடம் போகலாம். அதற்கு ஒப்பந்தம் எழுத்தில் இருந்து பதிவாகியிருக்க வேண்டும். பதிவைத் தள்ளிப்போடாதீர்கள்.

இதற்கு இவ்வளவு சட்டம் தேவையா என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்க நகரங்களின் ஏழைப் பகுதிக் குழந்தைகளிடையே நடந்து 1997இல் வெளியான ஆய்வு ஒன்றில், கரப்பான் ஒவ்வாமை உள்ள, வீட்டிலும் கரப்பான் துகள் அதிகமுள்ள குழந்தைகள் ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது மற்ற குழந்தைகளைவிட மூன்று மடங்குக்கு மேல் என்று தெரிந்தது. நியூயார்க் நகரம் 2018இல், அடுக்குமாடிகளில் கரப்பான், எலியை ஒவ்வாமை ஆபத்து என்றே வகுத்து, ஆண்டுக்கொருமுறை வீடுகளைச் சோதிப்பதையும் வழிகளை அடைப்பதையும் உரிமையாளரின் கடமையாக்கியது. அங்கே 2010 முதல், புதிதாக வருபவருக்கு முந்தைய ஓராண்டின் மூட்டைப்பூச்சி வரலாற்றை எழுத்தில் தர வேண்டும். நம் ஒப்பந்தத்தில் இதைச் சேர்க்கச் சட்டசபை தேவையில்லை. இரண்டு கையெழுத்து போதும்.

மருந்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2024 நவம்பரில் குன்றத்தூரில் ஒரு வீட்டில் எலிக்கு வைத்த மருந்தின் நச்சால் இரண்டு சிறு குழந்தைகள் இறந்தார்கள். மருந்தில் கவனம் தவறினால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். யார் பணம் கொடுத்தாலும், வருபவரிடம் உரிமம் இருக்கிறதா, என்ன மருந்து, எத்தனை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை குடியிருக்கும் வீட்டுக்குள் வரவே கூடாது.

ஒப்பந்தத்தில் சேர்க்க நான் பரிந்துரைப்பது இவ்வளவுதான். சாவி கைமாறும் நாளுக்கு முன் உரிமையாளர் செலவில் ஒருமுறை பூச்சிச் சோதனை. சிங்க்கடி, கீல், கட்டில், நிலைப்படி நான்கையும் இருவரும் சேர்ந்து பார்த்துப் படமெடுத்துக்கொள்வது. கரையான், எலி வழி, டக்ட் எப்போதும் உரிமையாளருடையது. குடிவந்த முதல் இரண்டு மாதத்தில் தென்படும் கரப்பானும் மூட்டைப்பூச்சியும் உரிமையாளருடையது. அதற்குப் பின் கண்ட ஒரு வாரத்துக்குள் தெரிவித்தால் உரிமையாளருடையது, தெரிவிக்காவிட்டால் குடியிருப்பவருடையது. மருந்தடிக்க 24 மணி நேரம் முன்பு எழுத்தில் சொன்னால் கதவைத் திறப்பது குடியிருப்பவரின் கடமை.

இவ்வளவும் ஒப்பந்தம் கையில் உள்ளவர்களுக்கு. திருவல்லிக்கேணி மேன்ஷன்களிலும், ஓஎம்ஆர் ஓரத்துப் பிஜி விடுதிகளிலும், கட்டட வேலைக்கு வந்தவர்கள் பத்துப் பேராக ஓர் அறையில் படுக்கும் வீடுகளிலும் ஒப்பந்தமே கிடையாது. அங்கே வாடகை படுக்கைக்கு. கட்டில், மெத்தை, தலையணை எல்லாம் நடத்துபவருடையவை. ஒருவர் போன அன்றே அடுத்தவர் அதே மெத்தையில் படுக்கிறார். இதைவிடத் தெளிவான பொறுப்பு வேறெங்கும் இல்லை, இதைவிட அதிகமாகக் கைவிடப்பட்டதும் வேறெங்கும் இல்லை. பூச்சி கடிக்கிறது என்று ஓர் இளைஞர் தனியாகச் சொன்னால் அவருக்குக் கிடைப்பது பக்கத்து அறை; அவரோடு பூச்சியும் அங்கே போகும். ஒரு தளத்தில் இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து, அறை எண்களோடும் தேதியோடும் படங்களோடும் ஒரே கடிதமாக எழுதி, ஒப்புகை வாங்கிக்கொள்ள வேண்டும். மெத்தைகளுக்கு ஜிப் உறை, துணிகளுக்கு வெந்நீர்ச் சலவை, தளம் முழுவதற்கும் ஒரே நாளில் சிகிச்சை, இரண்டு வாரம் கழித்து மறுமுறை என்று எதையும் விடாமல் கேட்க வேண்டும். அந்தக் கடிதத்துக்குத் தமிழிலும் இந்தியிலும் மாதிரி எழுதி வாசலில் உள்ள மேசையில் வைத்திருக்கிறோம். தங்களுக்குத் தேவையில்லாதவர்களும், அப்படி ஓர் அறையில் இருக்கும் ஒருவரைத் தெரிந்தால் எடுத்துச்சென்று அவரிடம் கொடுங்கள்.